கேஸ் ஷீட்டும் புகார் மனுவும்: நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்குச் சில பதில்கள்

மதுரை: அம்மாவுக்குத் தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. கேஸ் ஷீட் கேட்டால் "பேஷன்ட்தான் வரணும்" என்கிறார்கள். அம்மா படுத்த படுக்கை, சார்.

அவர் வர வேண்டியதே இல்லை. மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டாலும் சரி, அவர் அதிகாரம் கொடுத்த உதவியாளர் கேட்டாலும் சரி, 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். "என் மகளிடம் கொடுக்கவும்" என்று ஒரு தாளில் எழுதி அம்மாவின் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். மனுவை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று அவர்களுக்கு, இன்னொன்றில் தேதியோடு முத்திரை. முத்திரை போட மறுத்தால் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட். வாயால் சொன்னது புகாரே இல்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

கோவை: நோயாளி என் 9 வயது மகன். பணம் கட்டிய நான் வழக்குப் போடலாமா?

தாராளமாக. 1998-இல் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் உச்ச நீதிமன்றம் குழந்தை, பெற்றோர் இருவருமே நுகர்வோர் என்றது. தவறான ஊசியால் மூளை பாதிக்கப்பட்ட அந்தக் குழந்தைக்குத் தனியாகவும், பெற்றோரின் மன வேதனைக்குத் தனியாகவும் இழப்பீடு கிடைத்தது. வழக்குப் போடக் கெடு 2 ஆண்டு. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை.

சென்னை: தப்பாகச் சொல்கிறீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் "மருத்துவ சேவை" என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். டாக்டர் மேல் கேஸ் நிற்காது.

இந்த வாதத்தை எங்கே போனாலும் கேட்கிறேன். சரி, பார்ப்போம். மசோதாவில் இருந்த சொல் சட்டத்தில் இல்லை என்பது உண்மை. ஆனால் "சேவை"க்கான விளக்கம் எல்லாவற்றையும் உள்ளடக்கும் அளவுக்கு அகலமானது. பட்டியலில் இருப்பவை உதாரணங்கள்தான். இதே வாதத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2021-இல் தள்ளியது, உச்ச நீதிமன்றம் 2022-இல் தள்ளியது.

சென்னை (மறுபடியும்): அப்போ அரசு ஆஸ்பத்திரி மேலும் போடலாமா?

எல்லோருக்கும் இலவசம் என்றால் முடியாது. டோக்கன் கட்டணம் கட்டியிருந்தாலும் அதே கதைதான். சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது இது. சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடமென்றால், இலவச நோயாளியும் நுகர்வோர்தான். இந்த இரண்டாவது பாதியைத்தான் உங்களைப் போன்றவர்கள் விட்டுவிடுகிறீர்கள்.

திருச்சி: டிஸ்சார்ஜ் ஆகி ஒரு மாதம். கேஸ் ஷீட் தர மறுக்கிறார்கள்.

மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வேலூர்: மனநல வார்டில் தம்பியை மோசமாக நடத்துகிறார்கள். நான் பேசினால் "நீங்க யாரு" என்கிறார்கள்.

2017 மனநலச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, நோயாளிக்கும் அவர் நியமித்த பிரதிநிதிக்கும் புகார் உரிமை தருகிறது. தம்பி உங்கள் பெயரை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், நீங்களும் சம்மதத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் யாரையும் எழுதாவிட்டால், உறவினர் என்ற முறையில் உங்களுக்கே அந்த இடம் வரலாம். முதலில் நிறுவனப் பொறுப்பு மருத்துவரிடம் மனு, பதில் திருப்தியில்லை என்றால் மனநல மறுஆய்வு வாரியம். எழுத்தில்.

சேலம்: நாத்தனார் மாமியாரைப் பார்ப்பதே இல்லை. எல்லாம் என் தலையில்.

இது என் துறை இல்லை, அம்மா. 14567-க்குப் பேசுங்கள், முதியோர் உதவி எண்.

ஈரோடு: போனில் நாலு தடவை புகார் சொல்லிவிட்டேன், நடவடிக்கையே இல்லை.

போனிலா?