புவியீர்ப்பு விசை எங்கிருந்து வருகிறது? பூமிக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

தனியாக ஒன்றும் இல்லை. நடுவில் பெரிய காந்தம் இருக்கிறது, பூமி சுற்றுவதால் வருகிறது, காற்று மேலேயிருந்து அமுக்குகிறது என்று மூன்று விதமாகவும் சொல்லக் கேட்டிருக்கிறேன். மூன்றுக்கும் சேர்த்து நிலா ஒன்றே போதும். அங்கே காற்று என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை, ஒரு முறை தன்னைத்தானே சுற்ற 27 நாள் ஆகிறது, பூமிக்கு இருப்பது போன்ற காந்தப்புலமும் கிடையாது. ஆனாலும் 1971-இல் அப்பல்லோ 15 விண்கலத்தில் நிலாவுக்குப் போன விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் கையிலிருந்து விட்ட சுத்தியலும் இறகும் ஒழுங்காகக் கீழே விழுந்தன, அதுவும் ஒன்றாக. (பூமி சுற்றுவதால் நம் எடை உண்மையில் கொஞ்சம் குறைகிறது, கூடவில்லை.)

ஈர்ப்பு வருவது நிறையிலிருந்து. பூமியின் மையத்தில் யாரோ உட்கார்ந்து இழுக்கவில்லை; உங்கள் காலடி மண், பக்கத்து மலை, கடல் தண்ணீர், அடியில் இருக்கும் இரும்புக் குழம்பு எல்லாம் ஆளுக்குக் கொஞ்சமாக இழுப்பதன் மொத்தம்தான் மையத்தை நோக்கி இழுப்பதுபோல் வந்து நிற்கிறது. அதனால்தான் இடத்துக்கு இடம் அது கொஞ்சம் மாறவும் செய்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஒரு பெரும் பரப்பில் ஈர்ப்பு சற்றுக் குறைவு, அங்கே கடல் மட்டமே இருக்க வேண்டிய அளவைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது.

சின்னப் பொருளும் இழுக்கும் என்பதை 1798-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஹென்றி கேவண்டிஷ் அளந்தே காட்டிவிட்டார். ஆளுக்கு 158 கிலோ எடையுள்ள இரண்டு ஈயக் குண்டுகள், கம்பியில் தொங்கும் ஒரு மரத்தண்டின் இரு முனைகளிலும் முக்கால் கிலோ அளவில் இரண்டு சின்னக் குண்டுகள், அவ்வளவுதான் கருவி. தன் உடம்புச் சூட்டால் அறைக்குள் காற்று அசைந்துவிடும் என்று மனிதர் வெளியே நின்று தொலைநோக்கி வழியாகப் பார்த்தார். பெரிய குண்டு சின்னக் குண்டை இழுத்த விசை ஒரு மணல் துகளின் எடை அளவுகூட இருக்குமா என்பது சந்தேகம், அதை வைத்து மொத்த பூமியும் தண்ணீரைப் போல சுமார் ஐந்தரை மடங்கு அடர்த்தி என்று கணக்குப் போட்டார். இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே எண்தான்.

சரி, நிறை ஏன் இழுக்க வேண்டும்? நியூட்டன் 1687-இல் எவ்வளவு இழுக்கும் என்று சொன்னாரே தவிர ஏன் என்பதைத் தொடவில்லை. இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது.

என் அண்ணன் மகன் ஒன்பதாவது படிக்கிறான். போனுக்குள் இருக்கும் முடுக்கமானி என்ற சென்சாரின் அளவுகளைக் காட்டும் ஒரு ஆப்பை அவன் போனில் போட்டுக் கொடுத்தேன். மேசையில் வைத்தால் 9.8-க்குப் பக்கத்தில் (பள்ளியில் படிக்கும் அதே ஈர்ப்பு முடுக்க எண்) காட்டியது. மெத்தைக்கு மேலே போனைத் தூக்கிப் போட்டோம் (அண்ணி வீட்டில் இல்லாத நேரம்). காற்றில் இருந்த அந்த அரை நொடியும், மேலே போகும்போதும் சரி கீழே வரும்போதும் சரி, கோடு சுழிக்குப் பக்கத்தில் படுத்துவிட்டது. "சித்தப்பா, ஆப் தலைகீழா காட்டுது, சும்மா கிடக்கும்போது 9.8, விழும்போது ஒண்ணுமே இல்லையா?" என்றான்.

ஆப் சரியாகத்தான் காட்டுகிறது. விழுகிற போனை எதுவும் தள்ளவில்லை. மேசையில் கிடக்கும் போனைத்தான் மேசை ஓயாமல் மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. நாம் 'எடை' என்று உணர்வதும் நாற்காலி நம்மைத் தள்ளுவதைத்தான், பூமி இழுப்பதை இல்லை. கூரையிலிருந்து விழுகிறவனுக்குத் தன் எடை தெரியாது என்று 1907-இல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த ஐன்ஸ்டைனுக்குத் தோன்றியது இதேதான். அதைக் கணக்காக மாற்ற 1915 வரை ஆனது. ஈர்ப்பு ஒரு விசையே இல்லை, நிறை தன்னைச் சுற்றியுள்ள காலத்தையும் வெளியையும் (இடப்பரப்பையும்) வளைக்கிறது, பொருள்கள் அந்த வளைவில் நேராகப் போகின்றன என்று முடித்தார்.

விரித்துக் கட்டிய துணியில் குண்டு வைத்துக் காட்டும் படம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அது பிடிக்காது. துணி பள்ளமாவதற்கே கீழே இன்னொரு ஈர்ப்பு வேண்டுமே! மேலும் மாம்பழம் விழுவதில் கிட்டத்தட்ட எல்லா வேலையும் வெளியின் வளைவால் அல்ல, காலத்தால். தரைக்குப் பக்கத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும், உயரப் போனால் வேகமாக ஓடும். அமெரிக்காவில் 2010-இல் அணுக் கடிகாரங்களை வைத்து 33 செ.மீ. உயர வித்தியாசத்திலேயே இதைப் பார்த்துவிட்டார்கள். உங்கள் போனின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள், அவற்றின் வேகத்தால் குறைவதைக் கழித்த பிறகும், நாளுக்கு 38 மைக்ரோநொடி (நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோநொடி) முந்துகின்றன. திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் இடம் 10 கிலோமீட்டர் தப்பிப் போகும். ஒரு பக்கச் சக்கரம் சேற்றில் இறங்கிய மாட்டு வண்டி அந்தப் பக்கமாகவே திரும்புமில்லையா, அதுபோலக் காலம் மெதுவாக ஓடும் பக்கம் பொருளின் பாதை சாய்கிறது. அதைத்தான் விழுவது என்கிறோம்.

அப்புறம் அந்த 'நிறை' எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அது இன்னும் விசித்திரம். 60 கிலோ ஆளின் உடம்பிலுள்ள குவார்க்குகளின் (அணுக்கருவுக்குள் இருக்கும் புரோட்டான், நியூட்ரான்களை ஆக்கும் நுண்துகள்கள்) சொந்த நிறையைக் கூட்டினால் ஒரு கிலோகூடத் தேறாது. மிச்சம் எல்லாம் அவற்றைக் கட்டிவைத்திருக்கும் ஆற்றல், எடை மெஷின் காட்டுவதும் பெரும்பாலும் அதைத்தான்.