நோய் உடம்புக்கு வருகிறதா, வாழ்க்கைக்கா?

"நோயை அனுபவிப்பதைப் பற்றித் தத்துவம் என்ன சொல்கிறது, அது நோயாளிக்கு உண்மையில் உதவுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தத்துவம் படித்தவன் இல்லை. 2018இல் காசநோய் வந்து ஆறு மாதம் மருந்து சாப்பிட்டேன். வேலைக்குப் போகாமல் கிடந்த நாட்களில் போனில் இதைப் பற்றிக் கொஞ்சம் வாசித்தேன். அந்த அளவுக்குச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல். இலங்கையில் நாங்கள் நோயை "வருத்தம்" என்றுதான் சொல்வோம். ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே "என்ன வருத்தம்?" என்பதுதான். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர், "வருத்தமெல்லாம் இல்லைங்க, காய்ச்சல்தான்" என்று பதில் சொன்னார். மருத்துவர் பார்க்கும் நோய் வேறு, நோயாளி வாழும் நோய் வேறு என்று ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் பிரித்துக் காட்டினார். நமக்கு அந்த இரண்டுக்கும் சொல் தயாராகவே இருக்கிறது. என் சளியில் இருந்த கிருமி நோய். மற்றதெல்லாம் வருத்தம்.

அந்த மற்றது என்ன என்று கேட்டால், எனக்கு அது 62 படிகள். எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம். கீழே தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் பணிய லயத்திலிருந்து ரோட்டுக்கு ஏறும் படிகளைச் சின்ன வயதிலிருந்து ஓடி ஏறியிருக்கிறேன், ஒரு தடவையும் எண்ணியதில்லை. வருத்தம் வந்த பிறகுதான் 62 என்று தெரிந்தது. 19ஆவது படியில் ஒரு கொய்யா மரம். அங்கே நின்று போனை எடுத்துப் பார்ப்பேன். யாரோ மெசேஜ் அனுப்பியிருக்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், எனக்கு மூச்சு வாங்குவது தெரிய வேண்டாம். இங்கிலாந்தில் தத்துவம் கற்பிக்கும் ஹவி கரேலுக்கு 2006இல் ஓர் அபூர்வமான நுரையீரல் நோய் இருப்பது தெரியவந்தது. மூச்சு குறைந்தால் தூரம் நீள்கிறது, மேடு மலையாகிறது, நோயாளி வாழும் உலகத்தின் அளவே மாறிவிடுகிறது என்பது அவர் சொல்வதன் சாரம். வாசித்தபோது கொய்யா மரம்தான் ஞாபகம் வந்தது. எக்ஸ்ரேயில் அந்த மரம் விழாது.

ஆனால் எல்லாவற்றுக்கும் தலையாட்ட முடியவில்லை. உறுப்புகளின் மௌனத்தில் வாழ்வதுதான் ஆரோக்கியம் என்று ரெனே லெரிஷ் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 1936இல் எழுதினார். அழகான பேச்சு. என் அம்மாவின் உடம்பு எப்போது மௌனமாக இருந்தது? கூடைக் கயிறு பதிந்த தலை, அந்தியில் சுடுதண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைக்கும் வெடித்த விரல்கள், அட்டை கடித்த கால். இதையெல்லாம் அவர் வருத்தம் என்று சொன்னதே இல்லை. தோட்டத்தில் ஆரோக்கியத்துக்கு அளவு வேறு: நாளைக் காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், நிற்க முடியுமா? நின்றால் பேர் விழும், அதாவது அன்றைய சம்பளம் பதிவாகும். நிற்க முடியாவிட்டால்தான் வருத்தம்.

காலில் நொண்டல் இருந்தால் அது காலுக்குத்தான் தடை, மனஉறுதிக்கு இல்லை என்றார் பழைய கிரேக்கத் தத்துவஞானி எபிக்டெட்டஸ். அவரே கால் ஊனமானவர், சொல்ல உரிமை உண்டு. இருந்தாலும் இராத்திரி வியர்வையில் சட்டை நனைந்து எழுந்து உட்கார்ந்தவனுக்கு இது எரிச்சல்தான் தரும், ஏனென்றால் காய்ச்சல் மனஉறுதியையும் சேர்த்துத்தான் பிடிக்கிறது. இந்த விஷயத்தில் நான் அப்பர் பக்கம். சூலை நோயில், கொடிய வயிற்று வலியில், துடித்துத் திருவதிகையில் பாடியபோது அவர் தத்துவம் பேசவில்லை. குடலை முடக்குகிறது, தாங்க முடியவில்லை என்று சிவனிடமே முறையிட்டார்.

அப்புறம், ஊர்ப் பேச்சு. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் காசநோயைக் கவிஞர்களின் நோய் என்று அழகுபடுத்தினார்கள். நோய்க்கு இப்படி அர்த்தம் கட்டுவதே நோயாளிக்குச் செய்யும் தீங்கு என்று 1978இல் எழுதினார் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக். எங்கள் பக்கம் அந்த அழகெல்லாம் கிடையாது. "குடிச்சிருப்பான், அதான்" என்பார்கள். நான் குடிப்பதில்லை. ஓர் உறவுக்காரர் வீட்டில் எனக்கென்று தனிக் கோப்பை வைத்தார்கள், காது உடைந்த ஒன்று. மருந்து தொடங்கி ரெண்டு வாரத்தில் பெரும்பாலும் தொற்றாது என்று சொல்லிப் பார்த்தேன். மாத்திரைகள் முடிந்த பிறகும் அந்தக் கோப்பை தட்டின் ஓரத்தில்தான் இருந்தது. சொன்டாக் சொல்வதுபோல அர்த்தங்களை உதறிவிட்டால் மிஞ்சுவது 1882இல் ஜெர்மன் மருத்துவர் கோக் கண்டுபிடித்த ஒரு கிருமி, சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் மாத்திரை, ஆறு மாதப் பொறுமை, அவ்வளவுதான். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆகவே உதவுமா என்றால், இந்த அளவுக்கு உதவும்.

நான் வாசித்தவர்கள் பெரும்பாலும் "நானும் என் உடம்பும்" என்றே பேசுகிறார்கள். வள்ளுவர் அப்படி நிற்கவில்லை. 950ஆவது குறளில் மருத்துவத்தை நாலாகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவன், மருந்து, கூடவே இருந்து பார்ப்பவர். நாலாமவரும் சிகிச்சையில் ஒரு பங்கு. என் நாலாமவர் அம்மா. என்னோடு அலைந்த நாட்களில் அவருக்குப் பேர் விழவில்லை. அந்த மாதச் சம்பளத் துண்டைப் பார்த்தபோதுதான் என் வருத்தம் எவ்வளவு பெரியது என்று புரிந்தது.

லயத்தில் ஒரே காம்பராவில், ஒரே அறையில், இருப்பதால் அம்மாவும் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். "செவ்வாக்கிழமையா? பேர் போயிருமே" என்று ரெண்டு வாரம் தள்ளிப்போட்டார். ஒருவழியாகக் கூட்டிப்போனேன். நர்ஸ் "என்ன வருத்தம் அம்மா?" என்று கேட்டதும், "எனக்கு ஒன்னுமில்ல, மகனுக்குத்தான்" என்றார். உண்மையிலேயே ஒன்றும் இல்லை என்றுதான் முடிவு வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அந்திக் கொழுந்து பறிக்கப் போனார். அன்றைக்கு அரைப்பேர்தான் விழுந்தது.