மாதம் 5,000 கட்டினால் 60 வயதில் ஓய்வூதியமாம், சேரலாமா?

நீங்கள் ஆசிரியரோ கச்சேரி (மாவட்டச் செயலகம்) உத்தியோகத்தரோ இல்லை என்று நினைக்கிறேன். இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. கடையிலோ கம்பனியிலோ வேலை செய்கிறீர்கள், இல்லாவிட்டால் என்னைப் போல் சொந்தத் தொழில். முப்பத்தைந்து தாண்டியிருக்கும். தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, ஒரு கணக்குத் தாளை நீட்டியிருப்பார். சரிதானே?

நான் திருகோணமலை. திருக்கடலூர்ப் பக்கம் போட் எஞ்சின் திருத்தும் பட்டறை வைத்திருக்கிறேன். குச்சவெளியிலிருந்தும் மூதூரிலிருந்தும்கூட எஞ்சின் கொண்டு வருவார்கள். எனக்கு ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை, ஈ.ரி.எப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) இல்லை. கமக்காரருக்கு 1987 இலும் மீனவருக்கு 1990 இலும் ஓய்வூதியச் சட்டம் கொண்டு வந்தார்கள். மீனவருடைய எஞ்சினைத் திருத்துகிறவன் அதில் எந்தப் பக்கமும் சேர்த்தி இல்லை. அதனால்தான் 2013 இல், 38 வயதில், தனியார் காப்புறுதிக் கம்பனி ஒன்றின் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தேன். மாதம் 5,000 ரூபா. நீங்கள் கேட்டிருக்கும் அதே தொகை, ஆனால் அன்றைய ஐயாயிரம்.

முகவர் மனைவியின் சித்தப்பா மகன். "அத்தான், உத்தியோகக்காரருக்கு மட்டும்தான் பென்சனா? நீங்களும் எடுக்கலாம்" என்றுதான் ஆரம்பித்தார். தாளில் 60 வயதிலிருந்து மாதம் 50,000 என்று இருந்தது. 2013 இல் ஐம்பதாயிரம் என்றால் கச்சேரியில் மேசை போட்டு இருக்கிறவருடைய சம்பளத்தை விடக் கூட. தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி, வருடாவருடம் 12 வீதம் இலாபப்பங்கு வந்தால் என்ற கணக்கு இது, உத்தரவாதம் அல்ல என்று.

இந்த இடத்தில் யாராவது வந்து "பத்திரத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்" என்று எழுதுவார்கள் என்று தெரியும். வாசித்தேன் ஐயா. சாதாரண தரம் வரை படித்தவன், ஆங்கிலமும் எழுத்துக் கூட்டியாவது வாசிப்பேன், விளங்காததைப் பக்கத்து வீட்டு ஆசிரியையிடம் கேட்டேன். கட்டணங்கள் பற்றி அதில் இருந்தது இவ்வளவுதான்: கம்பனி காலத்துக்குக் காலம் தீர்மானிக்கும் செலவுகள் கழிக்கப்படும். எவ்வளவு என்று ஒரு இலக்கம் கிடையாது. இல்லாததை எப்படி வாசிப்பது?

முதல் வருடக் கணக்குக் கூற்று தபாலில் வந்த அன்று நான் ஒரு காபரேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு இருந்தேன். கை முழுக்க மண்ணெண்ணெய். அந்தக் கையோடேயே உறையைப் பிரித்தேன். இன்றைக்கும் அந்தத் தாளின் ஓரத்தில் என் பெருவிரல் அடையாளம் கறுப்பாக இருக்கிறது. கட்டியது என்ற நிரலில் 60,000. கணக்கில் வரவு வைத்தது என்ற நிரலில் 33,000. நடுவில் ஒன்றும் இல்லை. மீதி 27,000 எங்கே போனது என்று ஒரு சொல்லும் இல்லை.

அச்சுப் பிழை என்று நினைத்து மைத்துனரைக் கேட்டேன். "முதல் வருடம் அப்படித்தான் அத்தான், பிறகு சரிவரும்" என்றார். அவரைப் பிழை சொல்ல மாட்டேன், அவருக்கும் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். ஆனால் முதல் வருடம் ஏன் "அப்படித்தான்" என்று அவர் கடைசி வரை சொல்லவில்லை. இப்போது வேறு கம்பனியில் இருக்கிறார்.

கிளைக்குப் போனேன். குளிர்சாதன அறை, கண்ணாடிக் கதவு, உள்ளே கழுத்துப்பட்டி கட்டிய ஒரு தம்பி. கணக்கெல்லாம் கொழும்பில், இங்கே எடுக்க முடியாது என்றார். எழுதித் தாருங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன், பதில் இல்லை. திரும்பவும் போனேன். மனேஜர் விடுமுறை. பிறகு ஒரு நாள் வேலை உடுப்போடேயே போய், காப்புறுதிக் கம்பனிகளைப் பார்க்கவென்று கொழும்பில் ஒரு ஆணைக்குழு இருக்கிறதாம், 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டமாம், அங்கே எழுதட்டுமா அல்லது முறைப்பாடு விசாரிக்கிற காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதட்டுமா, எது உங்களுக்கு வசதி என்று கேட்டேன். கத்தவில்லை. மரியாதையாகத்தான் கேட்டேன். கொழும்பில் மட்டும் இருந்த கணக்கு அன்றைக்கே அந்தக் கிளையின் அச்சு இயந்திரத்தில் வந்தது.

அந்தத் தாள்தான் பெறுமதியானது. முகவர் தரகு ஒரு வரி. அதுதான் பெரிய துண்டு. பொலிசிக் கட்டணம் ஒரு வரி. நிருவாகச் செலவு ஒரு வரி. நான் கேட்காமலே சேர்த்துவிட்டிருந்த விபத்துக் காப்புறுதி ஒரு வரி. இரண்டாம் வருடமும் மூன்றாம் வருடமும் இதே கழிவு, கொஞ்சம் குறைந்த அளவில். அதன் பிறகு நிதியின் மீது வருடாவருடம் இத்தனை வீதம் என்று ஒரு கழிவு. இடையில் விட்டால்? மூன்று வருடம் முடியுமுன் விட்டால் என் பத்திரத்தின்படி ஒரு சதமும் கிடையாது. கட்டணம் முழுவதையும் முன்னால் எடுத்துவிட்டுக் கதவையும் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

"இரண்டு வீதம் போனால் என்ன, பெரிய காரியமா" என்று சிலர் கேட்பார்கள். கல்குலேட்டரை எடுங்கள். மாதம் 5,000 வீதம் 20 வருடம் கட்டினால் உங்கள் கைக்காசு மட்டும் 12 இலட்சம். அது வருடம் 10 வீதத்தில் வளர்ந்தால் ஏறக்குறைய 38 இலட்சம். கட்டணம் இரண்டு வீதத்தைத் தின்று 8 வீதத்தில் வளர்ந்தால் ஏறக்குறைய 29 அரை இலட்சம். எட்டரை இலட்சம் போய்விட்டது! நீங்கள் கட்டிய காசில் மூன்றில் இரண்டு பங்கைவிடக் கூட. எண்ணெய்க் குழாயில் ஊசித்துளை விழுந்த எஞ்சின் மாதிரி, ஓடிக்கொண்டுதான் இருக்கும், கரைக்கு வந்து தாங்கியைப் பார்த்தால்தான் தெரியும். முதல் வருடத்து 27,000 எல்லாரும் கத்துகிற விசயம். கத்தாமல் போவது இந்த இரண்டு வீதம்.

2021 முடிவில் நான் கட்டியிருந்தது 5 இலட்சத்து 40 ஆயிரம். நிதியில் இருந்தது 6 இலட்சத்துச் சொச்சம். ஒன்பது வருடத்துக்கு! அதே காசை மாதாமாதம் 9 வீத வட்டிக்குப் போட்டிருந்தால் 8 இலட்சத்தைத் தாண்டியிருக்கும்.

பிறகு 2022. அந்த வருடத்தை இலங்கையில் இருந்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் எங்கள் தொழிலில் அது எப்படி விழுந்தது என்று சொல்கிறேன். சின்னப் போட்டெல்லாம் ஓடுவது மண்ணெண்ணெயில். முதலில் மண்ணெண்ணெயே இல்லை. பிறகு ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ஆக்கினார்கள். போட் கரையில் ஏறிவிட்டது. ஓடாத எஞ்சின் பழுதாகாது, பழுதாகாத எஞ்சினை யார் பட்டறைக்குக் கொண்டு வருவார்? சில மாதம் தவணை கட்ட முடியவில்லை. பொலிசி காலாவதி என்று கடிதம் வந்தது. திரும்ப உயிர்ப்பிக்க வேண்டுமென்றால் நிலுவையோடு வட்டியும் கட்ட வேண்டுமாம். அந்த வட்டி, என் காசுக்கு அவர்கள் தருகிற இலாபப்பங்கை விடக் கூட. கட்டினேன். வயிறு எரிந்துகொண்டுதான் கட்டினேன்.

அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். உணவுப் பொருள் மட்டும் என்றால் 94.9. அரசாங்கம் குறுங்காலக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலின் வட்டி அந்த வருடக் கடைசியில் 30 வீதத்தையும் தாண்டியது. இந்த ஓய்வூதிய நிதிகளின் பெரும்பகுதி போடப்படுவதே அரசாங்கக் கடன் பத்திரங்களில்தான். என் கணக்குக்கு அறிவித்த இலாபப்பங்கு 9 வீதம். ஏன் என்று கேட்டதற்கு, பழைய பத்திரங்கள் குறைந்த வட்டியில் வாங்கியவை, புதியவற்றின் பயன் வருகிற வருடங்களில் தெரியும் என்றார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வட்டி இறங்கியபோது மட்டும் இலாபப்பங்கு உடனே இறங்குகிறதே, அதற்குப் பழைய பத்திரம் இல்லையா?

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2023 இல் அரசாங்கம் தன் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது அடி விழுந்தது ஈ.பி.எப் மீதுதான். அதன் கடன் பத்திரங்களை மாற்றி, 2026 வரை 12 வீதம், அதன் பிறகு 9 வீதம் என்று ஆக்கினார்கள். காப்புறுதிக் கம்பனிகளை அதில் இழுக்கவில்லை. ஆகவே "அரசாங்கம் கையில் வைத்தால் பாதுகாப்பு, தனியார் கள்ளர்" என்று நான் எழுதுவதாக யாரும் நினைக்கக் கூடாது. காப்புறுதியே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளையின் கணவர் சின்ன வயதில் போய்விட்டார், ஆயுட்காப்புறுதிக் காசு வந்துதான் அந்த வீடு நிமிர்ந்தது. அது வேறு, இது வேறு. இரண்டையும் ஒரே பத்திரத்தில் கலந்து விற்கும்போதுதான் எதற்கு எவ்வளவு போகிறது என்று தெரியாமல் போகிறது.

நிலையான வைப்பிலும் கழிவு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வட்டிக்கு 2023 ஜனவரியிலிருந்து 5 வீதம், 2025 ஏப்ரலிலிருந்து 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். ஆனால் அது கண்ணுக்கு முன்னால் பிடிக்கிற காசு, கூற்றில் தனி வரியாக இருக்கும்.

இதைச் சொல்லாமல் விட முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றால் தாண்டிப் போங்கள். பின்னேரம் டச்பே கடற்கரைக்குப் போனால் ஓய்வு பெற்ற உத்தியோகத்தர் வரிசையாக இருந்து ஓய்வூதிய முரண்பாடு பற்றிக் கதைப்பார்கள். இன்ன வருடத்துக்கு முன் போனவருக்குக் குறைவு, பின் போனவருக்குக் கூட என்று. அவர்கள் கவலை உண்மைதான். ஆனால் நான் பட்டறைக்கு ஒரு கடைசல் இயந்திரம் வாங்கக் கடன் கேட்டுப் போனபோது வங்கி கேட்டது என்ன தெரியுமா? இரண்டு அரசாங்க உத்தியோகத்தர் பிணை. வருடக் கணக்காகத் தொழில் செய்கிறேன், கணக்குப் புத்தகம் இருக்கிறது, கடைக்கு வியாபாரப் பதிவு இருக்கிறது. அது ஒன்றும் செல்லாது, நேற்று நியமனம் கிடைத்த ஒரு பிள்ளையின் கையெழுத்து செல்லும். அதற்காக ஒரு உறவுக்காரர் வீட்டு வாசலில் நான் நின்ற நிலை! பென்சனும் அவர்களுக்கு, பிணை நிற்கிற தகுதியும் அவர்களுக்கு. கலியாணம் பேசுகிற இடத்திலும் அதே கதைதான், அதைத் தொடங்கினால் விடிந்துவிடும்.

சரி, உங்கள் விசயம். நீங்கள் ஒரு முதலாளியிடம் வேலை செய்கிறவர் என்றால் முதலில் ஈ.பி.எப் ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், அதற்கு மேல் ஈ.ரி.எப்புக்கு அவர் 3 வீதம். பட்டினத்தில் எத்தனையோ கடைகளில் உங்கள் எட்டைப் பிடிப்பார்கள், அனுப்ப மாட்டார்கள். அந்தப் பன்னிரண்டு வீதத்தை விட்டுவிட்டு எந்தக் கம்பனியின் ஓய்வூதியத்தைத் தேடியும் பிரயோசனம் இல்லை. தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். சொந்தத் தொழில் என்றால், பிரதேச செயலகத்தில் சமூகப் பாதுகாப்புச் சபையின் திட்டம் என்ன என்று கேட்டுப் பாருங்கள், தொகை பெரிதில்லை, ஆனால் கேட்பதற்குக் காசில்லை.

அதன் பிறகும் கம்பனித் திட்டம்தான் வேண்டும் என்றால், கையெழுத்துப் போடுமுன் ஒரு தாள் கேளுங்கள். முதல் ஐந்து வருடத்துக்கு, வருடம் வருடமாக, நான் கட்டுகிறதில் எவ்வளவு என் கணக்கில் விழும், எவ்வளவு கழியும், எதற்காகக் கழியும். கம்பனியின் முத்திரையோடு. முகவர் கையால் எழுதித் தருகிறது வேண்டாம். கடந்த பத்து வருடத்தில் உண்மையாக அறிவித்த இலாபப்பங்கையும் அதே தாளில் கேளுங்கள். தர முடியாது என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அவர் உங்கள் மைத்துனராக இருந்தாலும்.

நான் இப்போது மேலதிகமாகக் கட்டுவதை நிறுத்தி, கட்டிய அளவோடு பொலிசியை 60 வயது வரை விட்டிருக்கிறேன். அந்த ஐயாயிரம் தேசிய சேமிப்பு வங்கிக்குப் போகிறது. அங்கே வைப்புக்கு அரசாங்க உத்தரவாதம் உண்டு, வட்டி எவ்வளவு என்று சுவரில் ஒட்டியிருக்கும். பணவீக்கம் திரும்ப ஏறினால் அதுவும் கரையும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

நீங்கள் ஏற்கனவே கட்டத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் எந்த வருடம் தொடங்கினீர்கள் என்று கீழே எழுதுங்கள். மூன்று வருடம் ஆகாதவருக்கு ஒரு பதில், ஆனவருக்கு வேறு பதில்.