வீட்டு வேலைக்கு விலை உண்டா? பொருளியலும் சட்டமும்: கேள்வி பதில்

சமையலும் பிள்ளை வளர்ப்பும் ஜிடிபியில் (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில்) ஏன் வருவதில்லை?

ஜிடிபியை எப்படிக் கணக்கிடுவது என்று சொல்லும் ஐ.நா.வின் தேசியக் கணக்கு முறை கோடு போட்ட இடம் அப்படி. வீட்டுக்கென்று விளைவித்த நெல்லும் சுமந்துவந்த தண்ணீரும் உற்பத்தியில் சேரும். அந்த நெல்லின் அரிசியைச் சோறாக்கினால் சேராது. சம்பளத்துக்கு ஆள் வைத்துச் சமைத்தால் சேரும். பொருளியலாளர் மார்கரெட் ரீட் 1934-லேயே எளிய சோதனை ஒன்று சொன்னார்: காசு கொடுத்து வேறொருவரைச் செய்யவைக்க முடிந்தால் அது உற்பத்தி. நமக்காகச் சாப்பிட ஆள் வைக்க முடியாது, சமைக்க வைக்கலாம்.

பொருளியலாளர் கேரி பெக்கர் குடும்பத்தையே பொருளியலுக்குள் கொண்டுவந்தாரே, பிறகென்ன குறை?

அவருடைய குடும்பத்தில் நல்ல மனமுள்ள தலைவர் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்துவிடுகிறார். பிரிந்துபோனால் யார் கையில் என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. பொருளியலாளர்கள் அமர்த்தியா சென்னும் பீனா அகர்வாலும் அந்தக் கேள்வியைத்தான் முன்னே வைத்தார்கள். பெண் பேரில் நிலம் இருந்தால் வீட்டுக்குள் அவள் பேச்சுக்கு எடை கூடும்.

என் அக்கா, 34 வயது இல்லத்தரசி, விபத்தில் இறந்துவிட்டார். கணவரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். இழப்பீட்டு மனுவில் ‘வருமானம் இல்லை’ என்று வக்கீல் எழுதியிருக்கிறார். விட்டுவிடலாமா?

விடாதீர்கள், திருத்தச் சொல்லுங்கள். இல்லத்தரசிக்கும் உத்தேச வருமானம் வைக்க வேண்டும், எதிர்கால உயர்வும் சேர்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் சொல்லியிருக்கிறது. மாதம் 12,000 ரூபாய் என்று விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வைத்ததாகக் கொள்வோம். ஆண்டுக்கு 1,44,000. நாற்பது வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வாக 40% கூட்டினால் 2,01,600. சார்ந்தோர் மூவர், சொந்தச் செலவென்று மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 1,34,400. ஆண்டுத் தொகையை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் (மல்டிபிளையர்) பெருக்குவார்கள்; வயது 31–35-க்கு அது 16. ஆக 21,50,400 ரூபாய். ‘இல்லை’ என்ற ஒரு சொல் அந்த முதல் எண்ணிலேயே கைவைத்துவிடும். அவர் செய்த வேலைகளை மணிக்கணக்கோடு எழுதுங்கள். தையல், கறவை மாடு என்று கைக்காசு வந்திருந்தால் அதையும் தனியாகக் காட்டுங்கள்.

அந்த 12,000-ஐ எப்படி முடிவு செய்வார்கள்?

வழிகள் மூன்று, மூன்றிலும் ஓட்டை உண்டு. வெளியே போயிருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று பார்த்தால், ஒரே சமையலுக்குப் படித்தவர் கையில் ஒரு விலை, படிக்காதவர் கையில் வேறு விலை. ஆள் வைத்தால் என்ன கூலி என்று பார்த்தால், பெண்கள் வேலை என்பதாலேயே தாழ்ந்துபோன கூலி உள்ளே வந்துவிடும். கணவர் வருமானத்தில் பாதி என்றால் ஏழை வீட்டுப் பெண்ணின் உழைப்பு மலிந்துபோகும். என் கணிப்பில் இரண்டாவதே மேல், ஆனால் ஒரே ஒரு கூலியோடு நிறுத்தக் கூடாது: சமையல், முதியோர் பராமரிப்பு, பாடம் சொல்லித்தருவது என்று வேலை வேலையாகப் பிரித்துக் கூட்டவேண்டும்.

விவாகரத்தில் சொத்து பாதி கிடைக்குமா?

கோவா போன்ற ஓரிரு இடங்கள் தவிர, பாதி என்று எழுதிவைத்த சட்டம் இல்லை. கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் இல்லத்தரசிக்குச் சமபங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. அது தனி நீதிபதியின் தீர்ப்பு. அதை மட்டும் நம்பாமல், சொத்து வாங்கும்போதே பத்திரத்தில் இருவர் பெயரையும் போட்டுவிடுங்கள்.