கப்பல் மெதுவா போகட்டும், பேப்பர் முந்திப் போகணும்

கேள்வி: கன்டெய்னர் போர்ட்டுக்கு நேரத்துக்கு வந்துடுது, ஆனா கஸ்டம்ஸ்ல நாள்கணக்கா மாட்டிக்குது. எல்லா பேப்பரும் குடுத்தாச்சுன்னு ஏஜென்ட் சொல்றார். அப்போ தப்பு எங்க?

பதில்: பேப்பர் குடுத்தது சரி, எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதான்னு யாராவது உக்காந்து பாத்தாங்களா? இன்வாய்ஸ்ல ஒரு எடை, பேக்கிங் லிஸ்ட்ல வேற எடை, பில் ஆஃப் லேடிங்ல (சரக்கை ஏத்திக்கிட்டதுக்கு கப்பல் கம்பெனி தர்ற ரசீது) "ஜெனரல் கார்கோ"ன்னு மொட்டையா ஒரு வரி, பெட்டியைத் திறந்து காட்டுன்னு அதிகாரி சொல்ல இதுவே போதும்.

அடுத்தது ஹெச்எஸ் கோடு, அதாவது இது என்ன பொருள்னு சுங்கத்துக்குச் சொல்ற நம்பர். உலக சுங்க அமைப்போட இந்த கோடு 1988-லேர்ந்து நடைமுறையில இருக்கு, இதை ஏத்துக்கிட்ட நாடுகள்ல முதல் 6 இலக்கம் ஒண்ணுதான், ஆனா அதுக்கு மேல வர்றதை ஒவ்வொரு நாடும் தானா சேத்துக்குது, 8-ம் இருக்கும், 10-ம் இருக்கும். அனுப்புறவர் தன் நாட்டு நம்பரை அப்படியே போட்டுடுறார், அந்தப் பக்கம் அந்த நம்பரே இருக்காது, இல்லன்னா வேற பொருளைக் குறிக்கும், வரியும் மாறும் லைசென்ஸ் தேவையும் மாறும். அதனால சரக்கு ஏத்துறதுக்கு முன்னாடியே இறக்குமதி பண்றவர்கிட்ட கோடை உறுதி பண்ணிக்குங்க.

போர்ட்டுல காசில்லாம வெச்சிருக்க விடுற ஃப்ரீ டைம் முடிஞ்சா டெமரேஜ்ங்கற தாமதக் கட்டணம் ஏறும், ரீஃபர்ங்கற குளிர்பதனப் பெட்டின்னா கரன்ட் வேற ஓடிக்கிட்டே இருக்கும். இதையெல்லாம்விட எனக்கு ஆத்தாமையா இருக்கறது, சரக்கு மாட்டிக்கிச்சுன்னு அதே பொருளை அவசரத்துக்கு இன்னொரு லாட் ஃபிளைட்ல வரவழைக்கிறது. ஒரு டன் சரக்கை அதே தூரம் கொண்டுபோக கப்பல் விடுற கார்பனைவிட ஃபிளைட் விடுறது பல பத்து மடங்கு. ஒரு தப்பான நம்பருக்கு இவ்ளோ புகை.

கேள்வி: கப்பலே பெரிய மாசுதானே? புது எரிபொருள் வந்தா சரியாயிடுமா?

பதில்: மொத்தமா பாத்தா பெருசுதான், உலக பசுமைக்குடில் வாயுவுல சுமார் 3 சதவீதம். 2020 ஜனவரி 1-லேர்ந்து எரிபொருள்ல சல்ஃபர் 3.5 சதவீதத்துலேர்ந்து 0.5-ஆ குறையணும்னு சர்வதேச கடல்சார் அமைப்பு கொண்டுவந்துச்சு, காத்துக்கு நல்லதுதான், ஆனா பழைய எண்ணெயையே எரிச்சு ஸ்க்ரப்பர்ங்கற கருவி வெச்சு புகையைக் கழுவி அந்தத் தண்ணிய கடல்லயே விடுற கப்பல்களும் இருக்கு, அதை என்னால ஏத்துக்க முடியல. எல்என்ஜி-ல (திரவமாக்குன இயற்கை எரிவாயு) ஓடுற கப்பல்லேர்ந்து எரியாத மீத்தேன் கசியுது, அதுவும் பசுமைக்குடில் வாயுதான். புதைபடிவ எண்ணெய், வாயு இல்லாம செய்யுற பச்சை மெத்தனால் நம்பிக்கையா இருக்கு, ஆனா தேவைக்குக் கிடைக்கல.

இன்னைக்கே கையில இருக்கறது வேகத்தைக் குறைக்கறதுதான். வேகம் 10 சதவீதம் குறைஞ்சா இன்ஜினுக்கு வேண்டிய பவர் ஏறக்குறைய 27 சதவீதம் குறையுது, பயணம் நீளுறதையும் கணக்குல எடுத்தாக்கூட எரிபொருள் 19 சதவீதம் கிட்ட மிச்சம். ஆனா நடக்கறது என்னன்னா, முழு வேகத்துல ஓடிவந்து பெர்த் (கப்பலைக் கட்டுற இடம்) கிடைக்காம வெளிய நங்கூரம் போட்டு நிக்கிறாங்க. சரக்கு தர்றவங்க டெலிவரி தேதியில கொஞ்சம் இடம் விட்டாத்தான் இது மாறும்.

கேள்வி: மரப் பேலட்ல (சரக்கை அடுக்குற பலகைத் தட்டு) முத்திரை இல்லன்னு சரக்கையே திருப்பி அனுப்பிட்டாங்க. இது நியாயமா?

பதில்: நியாயம்தாங்க. அது ஐஎஸ்பிஎம் 15, மரப் பேக்கிங்குக்கான சர்வதேச விதி. பூச்சி சாகற மாதிரி மரத்தைப் பக்குவப்படுத்தினதுக்கு அடையாளம்தான் அந்த முத்திரை. சூடேத்துற முறைன்னா மரத்தோட உள்பகுதி வரைக்கும் 56 டிகிரி செல்சியஸ் சூடு, 30 நிமிஷம் விடாம இருக்கணும், இல்லன்னா உள்ள இருக்கற பூச்சி புது நாட்டுக் காட்டுக்குள்ள போயிடும், போன பிறகு யாராலும் திருப்பிக் கூப்பிட முடியாது. பழைய பேலட்டைத் திரும்ப பயன்படுத்துங்க, தாராளமா, ஆனா ரிப்பேர் பண்ணி புது பலகை அடிச்சிருந்தா அந்தப் பலகையும் சூடேத்தின மரமான்னு பாருங்க.

கேள்வி: ஐரோப்பாவுக்கு ஸ்டீல் போல்ட் அனுப்புறோம். வாங்குறவர் கார்பன் கணக்கு, அதாவது அதைச் செய்யறப்போ எவ்ளோ கார்பன் வெளியாச்சுன்னு கேக்குறார். குடுக்கணுமா?

பதில்: குடுங்க, சீக்கிரமா குடுங்க. ஐரோப்பிய யூனியனோட எல்லைக் கார்பன் விதி 2023 அக்டோபர்லேர்ந்து வெறும் கணக்கு காட்டுறதா இருந்துச்சு, 2026 ஜனவரிலேர்ந்து வர்ற சரக்குக்கு காசு கட்டணும்னு மாறிடுச்சு, இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் எல்லாம் இதுல வருது. கட்டுறது இறக்குமதி பண்றவர்தான், ஆனா உங்க ஃபேக்டரி கணக்கு இல்லன்னா ஐரோப்பிய யூனியன் வெச்சிருக்கற பொதுக் கணக்கைப் போட்டுடுவாங்க, அது பெரும்பாலும் உங்களோட நிஜக் கணக்கைவிட கூடுதலாத்தான் இருக்கும். ஸ்டீல் குடுத்த மில்லுகிட்டயும் இப்பவே கேட்டு வாங்கி வெச்சுக்குங்க, போல்ட்டோட கார்பன்ல பெரும்பங்கு அங்கதான் இருக்கு.