ஏஜென்சியை மூடியாயிற்று, வீட்டின் மேல் உள்ள இரண்டாம் கடன் என்ன ஆகும்?

கேள்வி: கலிஃபோர்னியாவில் அலமேடா கவுண்டியில் வசிக்கிறோம். 2008இல் 4,00,000 டாலருக்கு முதல் வீடு வாங்கியபோது, அதில் 60,000 டாலரை எங்கள் ஊர் ரீடெவலப்மென்ட் ஏஜென்சி இரண்டாம் கடனாகக் கொடுத்தது. மாதத் தவணை கிடையாது, விற்கும்போது கொடுத்தால் போதும் என்றார்கள். இப்போது டெக்ஸாஸுக்குக் குடிபெயர்வதால் வீட்டை விற்கிறோம். "அந்த ஏஜென்சியை 2012இலேயே மாநில அரசு மூடிவிட்டதே, யாருக்குக் கட்டப் போகிறீர்கள்?" என்கிறார் நண்பர். பத்திரத்தில் 45 வருடக் கட்டுப்பாடு என்றும் எழுதியிருக்கிறது. கட்ட வேண்டுமா? யாரிடம் கட்டுவது?

பதில்: கட்டத்தான் வேண்டும். கடன் கொடுத்தவர் காலமானால் நோட்டுப் புத்தகம் வாரிசு கைக்குப் போகுமே தவிர, கடன் காலமாவதில்லை. உங்கள் ஏஜென்சிக்கும் சட்டப்படி வாரிசு உண்டு. ஆனால் வாரிசு ஒருவரல்ல, இருவர். உங்கள் நண்பரைப் போலப் பலரும் குழம்புவது இதில்தான்.

முதலில் மூடிய கதை. ஊரின் நலிந்த பகுதிகளைச் சீரமைக்கவென்று வந்த இந்த ஏஜென்சிகள் 1945ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தவை. ஊரில் நலிந்த ஒரு பகுதியைத் திட்டப் பகுதி என்று அறிவித்ததும், அங்குள்ள சொத்துகளின் அன்றைய வரி மதிப்பு அடிப்படை ஆகிவிடும். அன்று 2,00,000 டாலராக இருந்த ஒரு கட்டடம் பிற்பாடு 5,00,000 ஆனது என்று வையுங்கள். 1 சதவீத வரியில் பழைய 2,000 டாலர் பள்ளி, கவுண்டி, நகரம் என்று வழக்கம்போலப் பிரியும். கூடுதலாக வந்த 3,000இல் பெரும்பகுதி ஏஜென்சிக்குப் போகும். அந்த வரவைக் காட்டிக் கடன் பத்திரம் விற்றுத் தெரு, கார் நிறுத்துமிடம், கடைத்தெரு என்று கட்டினார்கள். வரவில் 20 சதவீதத்தைக் குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களின் வீட்டு வசதிக்கு ஒதுக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் 60,000 டாலர் பெரும்பாலும் அந்த ஒதுக்கீட்டிலிருந்து வந்திருக்கும்.

பள்ளிகளுக்குப் போகாத பணத்தை மாநில அரசு ஈடுகட்ட வேண்டியிருந்தது. மாநிலம் முழுவதும் சுமார் 400 ஏஜென்சிகள், சொத்து வரியில் ஏறக்குறைய 12 சதவீதம் அவற்றின் கையில். 2011 ஜனவரியில் சுமார் 2,500 கோடி டாலர் பற்றாக்குறையோடு பதவியேற்ற கவர்னர் ஜெர்ரி பிரவுன் இதில் கைவைத்தார். ஜூனில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று ஏஜென்சிகளை ஒழித்தது. மற்றது, முதல் ஆண்டில் எல்லாருமாக 170 கோடி டாலரும் பிறகு ஆண்டுக்கு 40 கோடியும் கட்டினால் ஏஜென்சியை வைத்துக்கொள்ளலாம் என்றது.

நகரங்கள் வழக்குப் போட்டன. 2011 டிசம்பர் 29இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒழிப்புச் சட்டம் செல்லும், பணம் கட்டித் தப்பும் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. காரணம், முந்தைய ஆண்டு வாக்கெடுப்பில் நிறைவேறிய 22ஆம் முன்மொழிவு: ஏஜென்சிப் பணத்தை மாநிலம் தன் லாபத்துக்குப் பிடுங்கக் கூடாது என்று சொன்னது அது. அதைக் கொண்டுவர முன்நின்றவர்கள் நகரங்களின் தரப்பினர்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் நான் பார்த்ததில்லை. 2012 பிப்ரவரி 1 அன்று எல்லா ஏஜென்சிகளும் கலைந்தன.

இனி வாரிசுகள். முதலாவது, 'சக்ஸஸர் ஏஜென்சி'. பழைய கடன் பத்திரங்களை அடைப்பது, நிலங்களை விற்பது, எதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று பட்டியல் போட்டு மேற்பார்வைக் குழுவிடமும் மாநில நிதித் துறையிடமும் ஒப்புதல் வாங்குவது இதன் வேலை. இரண்டாவது, 'ஹவுசிங் சக்ஸஸர்'. வீட்டு வசதிக் கடன்கள், அடமானங்கள், 45 வருட, 55 வருட ஒப்பந்தங்கள் எல்லாம் இதனிடம் போயின. உங்கள் விஷயம் இந்த இரண்டாவது மேஜைக்கு உரியது. முதலாவதுக்குக் கடிதம் போட்டால் "எங்களுடையது அல்ல" என்ற பதிலுக்கே பல வாரம் காத்திருக்க நேரலாம்.

ஹவுசிங் சக்ஸஸர் யார் என்பது உங்கள் நகர மன்றம் அன்று எடுத்த முடிவைப் பொறுத்தது. பெரும்பாலான நகரங்கள் இரண்டு பொறுப்பையும் தாமே ஏற்றன. லாஸ் ஏஞ்சலஸ் மன்றம், பொறுப்பும் செலவும் தலையில் விழும் என்று சக்ஸஸர் ஏஜென்சியாக இருக்க மறுத்துவிட்டது. கவர்னர் மூன்று பேர் கொண்ட ஒரு குழுவை நியமித்தார். சான் ஃபிரான்சிஸ்கோ பெரிய திட்டங்களை நடத்தத் தனி அலுவலகம் அமைத்துவிட்டு, வீட்டு வசதிச் சொத்துகளை மேயரின் வீட்டு வசதி அலுவலகத்திடம் கொடுத்தது. நகரம் ஏற்காத இடங்களில் உள்ளூர் ஹவுசிங் அத்தாரிட்டியிடம் (அரசு வீட்டு வசதி வாரியம்) போயிருக்கும். உங்கள் ஊரில் யார் என்று தெரிந்துகொள்ள சிட்டி கிளார்க்கை (நகர மன்ற ஆவணங்களை வைத்திருக்கும் அதிகாரி) கூப்பிட்டு, "2012இல் ஹவுசிங் சக்ஸஸராக யாரை நியமித்துத் தீர்மானம் போட்டீர்கள்?" என்று கேளுங்கள். இந்த வார்த்தைகளிலேயே கேட்டால் சுற்றிவிட மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை: வீட்டின் உரிமையையும் அடமானப் பதிவுகளையும் காட்டும் டைட்டில் ரிப்போர்ட்டில் இன்னமும் பழைய ஏஜென்சியின் பெயரே இருக்கலாம். அல்லது 2011 மார்ச் வாக்கில் ஏஜென்சியிலிருந்து நகரத்துக்கு மாற்றிய பதிவு இருக்கலாம். மூடுவிழா வரப்போகிறது என்று தெரிந்ததும் சொத்துகளை அவசர அவசரமாக நகரத்தின் பெயருக்கு மாற்றிய ஊர்கள் பல. பிறகு மாநில கணக்குக் கட்டுப்பாட்டாளர் தணிக்கை செய்து பலவற்றைத் திருப்பச் சொன்னார். எந்தப் பெயர் இருந்தாலும், விற்பனைப் பணத்தையும் பத்திரங்களையும் நடுவில் நின்று கைமாற்றும் எஸ்க்ரோ அதிகாரியிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். உங்கள் நண்பர் சொல்வதுபோல விட்டுத் தள்ளினால், அடமானப் பதிவு நீங்காத வீட்டுக்கு டைட்டில் கம்பெனி உரிமைக்கான இன்ஷூரன்ஸ் தராது, வாங்குபவரின் வங்கியும் கடன் தராது. கடைசி வாரத்தில் எல்லாம் நின்றுபோகும்.

அடுத்து 45 வருடம். 2008இல் தொடங்கினால் 2053 வரை. நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இரண்டில் ஒன்று இருக்கும். முதல் வகையில், மறுவிற்பனை விலைக்கே உச்ச வரம்பு உண்டு. வருமானத் தகுதியுள்ளவருக்கு மட்டுமே விற்கலாம். நகரத்துக்கு முதல் வாங்கும் உரிமையும் இருக்கக்கூடும். இந்த வகை என்றால் ரியல்டரிடம் (வீட்டுத் தரகர்) பேசுவதற்கு முன்பே நகரத்துக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுங்கள், சந்தை விலையை மனதிலிருந்து அழித்துவிடுங்கள். இரண்டாம் வகையில் சந்தை விலைக்கே விற்கலாம். அசலோடு விலையேற்றத்தில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். உங்கள் 60,000 என்பது வாங்கிய விலையில் 15 சதவீதம். வீடு 9,00,000க்கு விற்றால் ஏற்றம் 5,00,000, அதில் 15 சதவீதம் 75,000. ஆக மொத்தம் 1,35,000 டாலர். இது ஒரு மாதிரிக் கணக்குதான். பங்கு விகிதம் ஊருக்கு ஊர் மாறும். சமையலறையைப் புதுப்பித்த செலவு, ரியல்டர் கமிஷன் ஆகியவற்றைக் கழித்த பிறகே ஏற்றத்தைக் கணக்கிடும் ஒப்பந்தங்களும் உண்டு. பழைய ரசீதுகளைத் தேடி எடுத்து வையுங்கள்.

"மூடிப்போன ஏஜென்சிக்கு ஏன் தண்டம் அழ வேண்டும்?" என்று தோன்றலாம். நீங்கள் கட்டும் பணம் மாநில கஜானாவுக்குப் போவதில்லை. ஹவுசிங் சக்ஸஸரின் தனி நிதியில் சேர்ந்து, வீட்டு வசதிக்கே செலவாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வீட்டு வசதிக்கென வந்துகொண்டிருந்த அந்த 20 சதவீதம் நின்றுபோன நிலையில், உங்களைப் போன்றவர்கள் திருப்பித் தரும் கடனைத்தான் பல நகரங்கள் எண்ணிக்கொண்டிருக்கின்றன. அதனால் தள்ளுபடி கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

விற்பனைக்கு இரண்டு மாதம் முன்பே, புரோமிசரி நோட், டீட் ஆஃப் டிரஸ்ட் (அடமானப் பத்திரம்), மறுவிற்பனை ஒப்பந்தம் மூன்றின் நகலையும் இணைத்து, பாக்கித் தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். நகல் கையில் இல்லையென்றால் கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் பதிவானவை கிடைக்கும். புரோமிசரி நோட் பொதுவாகப் பதிவாகாது, அதை நகரத்திடம்தான் கேட்க வேண்டும். பணத்தை எஸ்க்ரோ வழியாக மட்டும் கட்டுங்கள். வீடு கைமாறிய பிறகு, அடமானம் தீர்ந்ததற்கான ரீகன்வேயன்ஸ் பத்திரம் கவுண்டியில் பதிவாகிவிட்டதா என்று டெக்ஸாஸிலிருந்தாவது ஒரு முறை சரிபாருங்கள்.