மலையில் நாய்க்குட்டி: வீட்டுக்குக் கொண்டு வரும் முன் (கேள்வி பதில்)

நீலகிரியில் நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். சமவெளியில் சொல்லும் யோசனை பல நேரம் இங்கே செல்லாது. அதனால் நம் ஊர்க் குளிரையும் காட்டையும் மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து: அண்ணா, அடுத்த வாரம் லேப்ரடார் குட்டி வருகிறது. 35 நாள் ஆகிறதாம். பாத்திரம், படுக்கை, பொம்மை எல்லாம் வாங்கிவிட்டேன். வேறென்ன வேண்டும்?

இன்னும் மூன்று வாரம் தாயிடமே இருக்கட்டும் தங்கச்சி. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளே சொல்கின்றன. கூடப் பிறந்த குட்டிகளோடு உருண்டு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை அது கற்றுக்கொள்கிறது. விற்பவர் அவசரப்படுத்தினால் முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். அதற்குள் வேலி ஓட்டைகளை அடையுங்கள், தரையில் கிடக்கும் ஒயர்களை மேலே ஏற்றுங்கள், எலி மருந்து வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவர் எந்த நேரத்தில் இருப்பார் என்றும் கேட்டு வையுங்கள். பொம்மை குறைந்தால் பழைய துணி முடிச்சே போதும்.

உதகையிலிருந்து: கோவையிலிருந்து காரில் கொண்டு வர வேண்டும். வளைவில் வாந்தி எடுக்குமே?

எடுக்கும். கிளம்புவதற்கு 3 மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொடுக்கலாம். ஒருவர் பின் சீட்டில் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். தாய் படுத்த துணி ஒன்றைக் கேட்டு வாங்கி அதன் கீழே விரியுங்கள், பாதி அழுகை அதிலேயே அடங்கும். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் பழைய செய்தித்தாளும் துணிப்பையும் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமானது இன்னொன்று: பர்லியாறில் டீ குடிக்க நிறுத்தினால் குட்டியைத் தரையில் விடாதீர்கள். குரங்கு ஒரு பக்கம். எத்தனையோ நாய்கள் கழித்த மண் இன்னொரு பக்கம்.

குன்னூரிலிருந்து: தோட்டத்து ஓரம் வீடு. வாசலில் கூண்டு கட்டி, காவலுக்கு வளர்க்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். சரிதானே அண்ணா?

வேண்டாம்மா. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் சிறுத்தை இரவில் தேடி வருவதே நாயைத்தான். ஆறடிச் சுவர் அதற்கு ஒரு தடையே இல்லை. சங்கிலியில் கட்டிய நாய்க்கு ஓடித் தப்பவும் வழி கிடையாது. ஒரு முறை சுலபமாக இரை கிடைத்த முற்றத்துக்கு அது மறுபடியும் வரும், அந்த முற்றத்தில்தான் உங்கள் பிள்ளைகளும் விளையாடுகிறார்கள்.

இருட்டும் முன் குட்டி வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். உள்ளே இடம் குறைவு என்றால், கதவு வைத்துத் தாழ் போடக்கூடிய விறகு அறை போதும், ஆனால் வெறும் கம்பி வலை போதாது. படுக்கும் முன் கடைசியாக ஒன்றுக்கு விட வேண்டியிருக்கும். அப்போது வாசல் விளக்கைப் போட்டு, டார்ச் அடித்துப் புதர்ப் பக்கம் பார்த்து, கயிற்றில் பிடித்து வாசற்படி ஓரத்திலேயே முடித்துக்கொண்டு உள்ளே வாருங்கள். மிச்சச் சாப்பாட்டை வெளியே விட்டால் கரடியும் காட்டுப்பன்றியும் வரும், அதனால் தட்டையும் கழுவி உள்ளே வையுங்கள். காவலுக்கு உள்ளே படுத்த நாயின் குரலே போதும். வீட்டுக்காரரிடம் இந்தப் பதிலை அப்படியே காட்டுங்கள்.

தலைகுந்தாவிலிருந்து: டிசம்பரில் உறைபனி விழும். ராத்திரி கரி அடுப்பு வைக்கலாமா?

மூடிய அறையில் கூடவே கூடாது. கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, குட்டியோடு மனிதரையும் தூக்கத்திலேயே கொன்றுவிடும். சிமென்ட் தரையில் பலகை, அதன் மேல் சணல் சாக்கு, அதற்கும் மேல் கம்பளி போடுங்கள். பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி ஒரு ஓரமாக வைத்தால், வேண்டும்போது ஒட்டிப் படுக்கும், சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ளும். குளிக்க வைக்கும் வேலையைத் தள்ளிப்போடுங்கள். அழுக்கை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் போதும்.

வெலிங்டனிலிருந்து: போன வருடம் எங்கள் குட்டி பார்வோவில் போய்விட்டது. மனசே ஆறவில்லை. இன்னொன்று கொண்டு வரலாமா?

கொண்டு வரலாம், ஆனால் சின்னக் குட்டி வேண்டாம். பார்வோ என்பது குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தப்பேதியும் கொடுக்கும் வைரஸ் நோய். அந்த வைரஸ் மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும், நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் ஒரு வருடம்கூடத் தாங்கும். பினாயிலுக்கு அது மசியாது. தரையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, ப்ளீச் 1 பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரமாகவே விட்டு அலசுங்கள். ப்ளீச்சோடு ஆசிட் எதையும் சேர்க்காதீர்கள். பழைய படுக்கையை எரித்துவிடுங்கள். மண் தரையை இப்படிச் சுத்தம் செய்ய முடியாது. அதனால் தடுப்பூசிகள் முழுவதும் முடிந்த, 4 மாதம் தாண்டிய குட்டியாகப் பாருங்கள்.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடர வேண்டும். ஒரு ஊசி போட்டாயிற்று என்று ஏரிக்கரைக்குக் கூட்டிப் போகாதீர்கள். மழைக்காலத்தில் எலி சிறுநீரால் பரவும் லெப்டோ என்னும் எலிக்காய்ச்சலுக்கும் ஊசி உண்டு, மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள்.

கூடலூரிலிருந்து: இங்கே மழையில் அட்டை அதிகம். ஒட்டினால் மூக்குப்பொடி போடுவோம். குட்டிக்கும் போடலாமா சார்?

போடாதீர்கள். நக்கினால் புகையிலை விஷம் அதன் வயிற்றுக்குள் போகும். கல்லுப்பு கரைத்த தண்ணீரைத் துணியில் நனைத்து அட்டையின் மேல் ஒற்றினால் விட்டுவிடும். விரல் இடுக்கு, காதின் உட்புறம், ஈறு எல்லாம் பாருங்கள். ஓடைத் தண்ணீர் குடித்த குட்டி விடாமல் தும்மி, ஒரே மூக்குத் துளையில் ரத்தம் வடிந்தால் உள்ளே அட்டை இருக்கலாம். இடுக்கியை விட்டுக் குத்தாதீர்கள். கொஞ்ச நேரம் தண்ணீர் காட்டாமல் இருந்து, அகலக் கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீரை மூக்கருகே பிடித்தால் சில நேரம் தலையை நீட்டும். நீட்டாவிட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கேத்தியிலிருந்து: வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கிறோம். பசும்பாலும் நிறைய இருக்கிறது. கொடுக்கலாமா?

சாக்லேட் விஷம், கருப்பாக இருக்க இருக்க ஆபத்து அதிகம். திராட்சை, உலர் திராட்சையும் ஆகாது. வேலை செய்யும் அறைக்குள் குட்டி வராமல் தடுப்பு வையுங்கள். பசும்பால் பல குட்டிகளுக்குப் பேதி கொடுக்கும். முதல் வாரம் பழைய வீட்டில் தின்றதையே கொடுத்து, பிறகு மெதுவாக மாற்றுங்கள்.

அரவங்காட்டிலிருந்து: தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வந்தோம். விளையாட்டில் மகளின் கையைப் பல்லால் கீறிவிட்டது. குட்டிதானே, பரவாயில்லையா?

எடுத்து வந்தது நல்ல காரியம். ஆனால் கீறலைச் சாதாரணமாக விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, இன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அங்கே ஊசி இலவசம். குட்டிக்கு 3 மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, அப்புறம் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் போட வேண்டும். இந்த வாரமே குடற்புழு மருந்தும் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.